சாவியைத் திருப்புமுன் மாப்பிள்ளை படிக்க வேண்டியது

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் நலம். மூன்றாவதாக ஒரு நலம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் என் மகளும் மூட்டை முடிச்சுகளைக் கட்டி, ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்து, அலுப்புத் தெரியாமல் வந்து சேர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நாளை ஞாயிறு காலை வந்ததும், கால்கூடக் கழுவாமல் நீங்கள் நேரே வேன் நிற்கிற ஷெட்டுக்குத்தான் போவீர்கள். ஆகவே இதை டிரைவர் சீட்டில் வைத்து, மேலே சாவியை டேப் போட்டு ஒட்டி வைக்கிறேன். கடிதத்தைப் பிரிக்காமல் சாவியைப் பிரிக்க முடியாது. நேரில் சொன்னால் என்ன என்று உங்கள் அத்தை கேட்டாள். நேரில் சொன்னால் பாதியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நீங்களும் மரியாதைக்கு "பரவால்ல மாமா" என்று சொல்லிவிடுவீர்கள். அந்தப் பரவால்லதான் எனக்குத் தாங்காது. முப்பத்தோரு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்த அதே இயந்திரத்தில் இதை அடிக்கிறேன். இதில் அடித்தது அடித்ததுதான், அழிக்க வழியில்லை. அதனால் இதில் இருப்பது அத்தனையும் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் பெண் கேட்டு வந்த நாளில், வாசலில் நின்ற உங்கள் வேனைப் பார்த்து, "இந்தத் தகர டப்பாவை நம்பியா என் பொண்ணைக் குடுக்கறது?" என்று கேட்டவன் நான். உங்கள் காதில் விழும்படியாகத்தான் கேட்டேன்.  பத்து வருடம் கழித்து, மூன்று மாத வேலைக்கு வெளியூர் கிளம்பும்போது, சொந்த அண்ணன் இருக்க, கூட்டாளிகள் இருக்க, அந்த டப்பாவின் சாவியை என் கையில் கொடுத்து "நீங்க பாத்துக்கங்க மாமா" என்றீர்கள். அன்றைக்கு நான் அதை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.

டாஷ்போர்டில் நீங்கள் ஒரு தாள் ஒட்டியிருந்தீர்கள். வெள்ளிதோறும் ஸ்டார்ட் செய்யவும். பத்து நிமிடம் ஓட விடவும். டயரில் காற்றுப் பார்க்கவும். ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்க்கவும், குறைந்தால் ஊற்றவும். நான்கே வரி, நல்ல கையெழுத்து. நானும் எழுத்துப் பிசகாமல் செய்தேன். வெள்ளி காலை பத்து மணிக்கு ஷெட்டில் இருப்பேன். முதலில் காற்று. பிறகு முன் மூடியைத் தூக்கி, இன்ஜினுக்குள் எண்ணெய் எவ்வளவு என்று காட்டுகிற அந்தக் கம்பியை உருவி, நீங்கள் எழுதியபடியே சுத்தமான துணியால் அடி முதல் நுனி வரை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு வாரமாவது அதில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்க வேண்டுமே, கிடையாது. இந்த வண்டி குடிக்கிற குடிக்கு ஓர் அளவே இல்லையா என்று நினைத்துக்கொண்டு ஒரு டம்ளர் ஊற்றுவேன். கம்பியைச் செருகிவிட்டு ஸ்டார்ட் செய்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நிற்பேன். உள்ளே வந்து உங்கள் அத்தையிடம், "இன்னிக்கும் வறண்டு கெடந்தது" என்பேன். அவள் "ஐயோ பாவம்" என்பாள். இப்படியே எட்டு வெள்ளி ஒரு குறையும் இல்லாமல் போயிற்று.

ஒன்பதாவது வெள்ளி, ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடம், வீட்டுக்குள் யாரோ தட்டச்சு அடிக்கிற சத்தம் கேட்டது. சத்தியமாக எனக்கு அப்படித்தான் தோன்றியது. டக் டக் டக் டக் என்று மெலிதாக, ஆனால் ஒழுங்காக. என் இயந்திரத்தை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், உங்களுக்கே தெரியும். விறுவிறுவென்று உள்ளே போனேன். இயந்திரம் உறை போட்டபடி இருந்தது. உங்கள் அத்தை கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாரு டைப் அடிச்சது?" என்றேன். "வண்டி" என்றாள். அவளுக்கு எதுவும் என்னைவிட ஒரு நிமிடம் முன்னாலேயே தெரிந்துவிடும், அதுதான் எங்கள் வீட்டில் நாற்பது வருடப் பிரச்சினை.

அடுத்த வெள்ளிக்குள் அது பெரிதாகிவிட்டது. ஒருவர் அடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு வகுப்பே உட்கார்ந்து அடித்தது. அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். அவள் குரலில் அப்படியொரு சந்தோஷத்தைக் கேட்டு இரண்டு வருடம் இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள், சிறுநீரகம் கெட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவர்களை வாரத்தில் ஆறு நாள் வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை, மூன்று வருட ஒப்பந்தம், இனி இரண்டு மாதம் இங்கே மூன்று மாதம் அங்கே என்று ஓட வேண்டாம், ஒரே ஊரில் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று மூச்சு விடாமல் சொன்னாள். ஒரே ஒரு படிதான் பாக்கி. வருகிற திங்களை விட்டு அடுத்த திங்கள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் வண்டி மேற்பார்வையாளர் வேனைப் பார்க்க வருவார். அந்த மனிதர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதுதான் அதிகமாம். சிகிச்சை முடிந்து துவண்டு படுத்திருக்கிறவர்களுக்குச் சத்தம் ஆகாது என்று ஏற்கனவே இரண்டு வேனைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "அப்பா, நம்ம வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்றாள். வண்டி ஜன்னலுக்கு வெளியே டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. "பட்டு மாதிரி இருக்கும்மா" என்றேன். "அங்க என்னப்பா சத்தம்?" "உங்கம்மா காய் நறுக்கறா." அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த உங்கள் அத்தை எழுந்து போய்ப் பலகையும் கத்தியும் கொண்டுவந்து, என் முகத்தையே பார்த்தபடி ஒரு முட்டைகோசை நறுக்க ஆரம்பித்தாள். போனை வைத்த பிறகும் நிறுத்தவில்லை. அன்றும் மறுநாளும் நாங்கள் முட்டைகோசுதான் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை ரிப்பனை வரவழைத்தேன். ரிப்பன் என்னிடம் படித்தவன். அந்தக் காலத்தில் இயந்திரத்துக்கு ரிப்பன் மாற்றச் சொன்னால் தன்னையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வான், அதனால் அந்தப் பெயர். இப்போது ஐம்பது வயது, தலை நரைத்துவிட்டது, சொந்தப் பட்டறை, பெயர் எடுத்த மெக்கானிக். ஆனாலும் என்னைப் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். தட்டச்சுத் தேர்வில் தோற்றவன்தான். அந்த வருடம் அவன் பிரிவில் இருந்த எட்டுப் பேரும் ஒரே நாளில் தோற்றார்கள். மோதிர விரலில் பலம் இல்லாத கூட்டம். இன்றைக்கும் அதைச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான்.

வந்ததும் முன் மூடியைத் தூக்கி, "சார், ஆயில் லெவல்…" என்று ஆரம்பித்தான். "வாரா வாரம் நானே பாக்கறேன். ஒரு நாள்கூடக் குறைய விட்டதில்ல" என்றேன். குரலில் வகுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. கம்பியின் பக்கம் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "சார் பாத்தா சரிதான்" என்றான். பிறகு சோப்புத் தண்ணீரைப் புகைக்குழாய் மூட்டுகளில் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான், வரவில்லை. பெல்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தான், சத்தம் போகவில்லை. கடைசியில் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். என்னிடமும் கொடுத்தான். மாப்பிள்ளை, நான் வாழ்நாளில் எத்தனையோ விரல்களைக் கேட்டிருக்கிறேன், சத்தத்தை வைத்தே எந்த விரல் சோம்பேறி என்று சொல்வேன். மூன்றாவது விசை சரியில்லை என்றேன். இன்னும் கேட்டேன், ஐந்தாவதும் சரியில்லை. இன்னும் கேட்டேன், ஒன்றும் சரியில்லை. 

"டேப்பட் சார்" என்றான் ரிப்பன். "உள்ள எட்டு இருக்கு. கட்டைவிரல் அளவு இரும்பு டப்பி. ஆயில் உள்ள போய் நெறஞ்சு கல்லு மாதிரி நிக்கணும். நின்னாத்தான் வால்வைச் சத்தமில்லாமத் தூக்கும். நிக்கலேன்னா அமுங்கும். அமுங்கினா நடுவுல சந்து விழும், சந்து விழுந்தா தட்டும்." உள்ளே அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படி ஆகும் என்று, எண்ணெயோடு கலக்கிற ஒரு மருந்தை ஊற்றி, நாற்பது கிலோமீட்டர் ஓட்டலாம் என்றான். நானும் கூட உட்கார்ந்தேன். சந்தையைத் தாண்டும்போது ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர்காரர் எட்டிப் பார்த்து, "உள்ள தச்சு வேல நடக்குதா?" என்று கேட்டார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பியபோது சத்தம் குறையவில்லை, கூடியிருந்தது.

திங்கட்கிழமை பட்டறையிலிருந்து சாமான்களை ஷெட்டுக்கே கொண்டுவந்து இன்ஜினின் மேல் மூடியைத் திறந்தான். ஒவ்வொரு டேப்பட்டாகக் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னான். கல்லு மாதிரி நிற்க வேண்டியது எட்டும் ஊறவைத்த ரொட்டி மாதிரி அமுங்கின. ரிப்பன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். "எட்டும் ஒரே சமயத்துல எப்படி சார் போகும்? ஒண்ணு போகும், ரெண்டு போகும். எட்டும் போனதை நான் பாத்ததே இல்ல" என்றான். "ஏன், நீங்க எட்டுப் பேரும் ஒரே நாள்ல போகலியா?" என்றேன்.  பழைய எண்ணெயை இறக்கி வடிக்க ஆறு லிட்டர் பிடிக்கிற பேசினை அடியில் வைத்தான். இந்த இன்ஜினுக்கு நாலு லிட்டர்தான் கணக்கு. பேசின் நிரம்பி வழிந்து ஷெட் முழுக்க ஓடிற்று. இந்தக் காலத்துப் பாத்திரங்களில் எழுதியிருக்கிற அளவை நம்பவே கூடாது என்று நானும் ரிப்பனும் பேசிக்கொண்டே மண்ணைக் கொட்டித் துடைத்தோம். அவன் மட்டும் அந்தப் பேசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டையும் கழற்றி, ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகச் செய்தித்தாள் மேல் வைத்தான். "சுத்தம் பண்ணிப் பாப்போம் சார், சில சமயம் உயிர் வந்துடும். ஆனா வரிசை மாறக் கூடாது. ஒவ்வொண்ணும் அதுஅது எடத்துலயே தேஞ்சு பழகியிருக்கு. மாத்திப் போட்டா இன்ஜினையே தின்னுடும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். நானும் கை கழுவப் போனேன். கால் மணி நேரம்தான். திரும்பி வந்து பார்த்தால் செய்தித்தாள் மட்டும் இருந்தது. அடுக்களையில், பாத்திரம் உலர்த்துகிற தட்டில், எட்டும் குளித்துவிட்டு நின்றன. உங்கள் அத்தை சோப்புப் போட்டு, பழைய பல்துலக்கியால் சந்து பொந்தெல்லாம் தேய்த்து, பளபளப்பு அதிகமானது முதலில் குறைந்தது கடைசியில் என்று அழகாக அடுக்கியிருந்தாள். "மாப்பிள்ளையோட சாமான், கரியும் பிசுக்குமா கெடந்துது, பாக்கச் சகிக்கல" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு திருப்தி. நான் சத்தம் போட்டேன். ரொம்பவே போட்டேன். அவள் தட்டைத் துணியால் மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு இல்லை, வண்டியிலும் சத்தம் இல்லை. இப்படியொரு அமைதிக்கா நான் பாடுபட்டேன் என்று இருந்தது.

எது எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாமல் அவற்றைத் திரும்பப் போட முடியாது. எட்டும் புதிதாக வாங்க வேண்டும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். வண்டியின் பெயரைச் சொன்னதும் ஒருவர், "அது இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். இன்னொருவர் வரவழைத்துத் தருகிறேன், மூன்று வாரம் ஆகும் என்றார். நினைத்துப் பாருங்கள் மாப்பிள்ளை. மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரிக்காரர் வேறு வேனைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார், என் மகள் மறுபடி பெட்டி கட்டுவாள், நான் அன்று டப்பா என்று சொன்ன வாய் பலித்துவிட்டது என்றே எல்லாரும் நினைப்பார்கள். புதன் சாயங்காலம் கடைசிக் கடையில் ஒரு பெரியவர் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கினார். எண்ணினால் ஏழு. எட்டாவதை எங்கே என்று அவரும் தேடினார், நாங்களும் தேடினோம். கடை சாத்துகிற நேரம். ரிப்பன் பெருமூச்சு விட்டுக்கொண்டு கல்லாவில் சாய்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பில் தாள்கள் பறக்காமல் இருக்க அவர் மேலே வைத்திருந்த பாரம்தான் எட்டாவது டேப்பட். பதினைந்து வருடமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறதாம். "அது நல்லா இருக்கற சாமானாச்சேப்பா" என்று கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். பதிலுக்கு என் கைக்குட்டையில் சுற்றி ஒரு செங்கல் துண்டை வைத்துவிட்டு வந்தோம்.

வியாழன் காலை எட்டையும் எண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக இறக்கி, கழற்றிய மற்ற பாகங்களையும் பூட்டி, புது எண்ணெய் நாலு லிட்டர் அளந்து ஊற்றினான். இந்த முறை அளவு ஜாடியில் அளந்தான், பேசினை நம்பவில்லை. மூன்று மணிக்கு என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். சாவியைத் திருப்பினேன். அப்பா, அந்தச் சத்தத்தை நான் என்ன சொல்வேன். தகரக் கொட்டகை மேல் கல் மாரி பெய்கிற மாதிரி. என் கை தானாகச் சாவியை அணைக்கப் போயிற்று. "அணைக்காதீங்க சார்" என்று ரிப்பன் கத்தினான். முப்பது வருடத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "ஆக்சிலேட்டரை லேசா அழுத்திப் பிடிங்க. புதுசுக்குள்ள ஆயில் ஏறணும். ஏறும். பிடிங்க." பிடித்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். உங்கள் அத்தை பேச்சு வார்த்தை இல்லாத கோபத்தையும் மறந்துவிட்டு ஷெட் வாசலில் வந்து நின்றாள். ஐந்தாவது நிமிடம் ஒரு தட்டல் குறைந்தது. கேட்டது எனக்கு. பிறகு இன்னொன்று. தேர்வுக் கூடத்தில் ஒவ்வொருவராக எழுதி முடித்து எழுந்து போவார்களே, அந்த மாதிரி ஒவ்வொன்றாக அடங்கிற்று. கடைசி ஒன்று மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, அது அந்தப் பில் பாரமாகத்தான் இருக்கும். அதுவும் நின்றது. வேன் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. உங்கள் அத்தை மூடியின் மேல் கை வைத்துப் பார்த்து, "ஓடுதுங்க" என்றாள். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். ரிப்பன் வேறு பக்கம் திரும்பிக் கையைத் துடைத்தான்.

நேற்று வெள்ளி, வழக்கம்போல் தாளில் உள்ளபடி எல்லாம் பார்த்தேன். நாலு லிட்டர் ஊற்றி ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை, கம்பி அதற்குள் வறண்டிருந்தது. புது டேப்பட்டுகளுக்குத் தாகம் அதிகம் இருக்கும் என்று, டம்ளரெல்லாம் போதாதென்று ஒரு லிட்டர் டின்னை முழுதாகவே ஊற்றினேன். வண்டி பத்து நிமிடம் பூனை மாதிரி ஓடிற்று. ஆகவே மாப்பிள்ளை, சுருக்கமாகச் சொன்னால், தேய்ந்து போன பாகங்களைத் தக்க சமயத்தில் கண்டுபிடித்து மாற்றிவிட்டேன், வண்டி முன்னைவிட நன்றாக இருக்கிறது, திங்கட்கிழமை அந்த மேற்பார்வையாளர் எந்தக் காதைக் கொண்டுவந்தாலும் சரி. உங்களிடம் கேட்காமல் இன்ஜினைத் திறந்தது ஒன்றுதான் என் பிழை. அதற்கு மட்டும் இந்த வயதானவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருவரும் எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, ஒரே ஊரில் ஒரே கூரையின் கீழ் நூறு வருடம் இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே அடித்ததெல்லாம் வீண். கையெழுத்துப் போட்ட கையோடு, பதினொரு மணிக்குக் கடைசியாக ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். டக் டக் டக் டக். உடனே போன் போட்டேன். ரிப்பன் பத்து நிமிடத்தில் வந்துவிட்டான். இந்தத் தடவை என்னைக் கேட்காமலே ஆயில் கம்பியை உருவினான், துடைத்தான், மறுபடி உள்ளே விட்டான், மறுபடி எடுத்தான். ஒரு வேலையை இரண்டு தடவை செய்கிற பழக்கம் அவனுக்கு அப்போதிருந்தே உண்டு. கம்பியில் எண்ணெய் கைப்பிடி வரைக்கும் ஏறியிருந்தது. எண்ணெய் கூடிப்போனால் உள்ளே சுற்றுகிற தண்டு அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடுமாம். நுரையில் இருப்பது காற்று. டேப்பட்டுக்குள் எண்ணெய்க்குப் பதில் காற்றுப் போனால் அமுங்கும், அமுங்கினால் தட்டும். டேப்பட் எட்டும் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. விசாரித்ததில் உங்கள் அத்தை ஒத்துக்கொண்டாள். நான் வறண்டிருக்கிறது என்று சொல்லச் சொல்ல மனசு கேட்காமல், செவ்வாய்க்குச் செவ்வாய் எனக்குத் தெரியாமல் ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறாள். இன்று காலை ஒரு டின். ரிப்பன் அதிகப்படியை இறக்கிவிட்டான், கால் மணி நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது, வண்டி திங்கட்கிழமைக்குத் தயார். பிழை முழுக்க உங்கள் அத்தையின் அன்பு செய்தது. என் பக்கம் ஒரு தவறும் இல்லை என்பதற்கு டாஷ்போர்டில் உள்ள தாளே சாட்சி. அவளைக் கோபிக்க வேண்டாம். நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறேன், அதற்குள் இதை உறையில் போட்டு வைக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை, இது நான், அத்தை. அவருடைய மிஷினைத் தொடக் கூடாது என்பதால் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுகிறேன். எழுதி நானே உறையை ஒட்டிவிடுவேன், அவர் இதைப் பார்க்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை டம்ளர் என்னுடையதுதான். டேப்பட்டைக் கழுவினதும் நான்தான். ஆனால் அவர் பெட்ரோல் போடப் போனதும் ரிப்பன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். "அம்மா, சார் கம்பியைத் துடைச்சிட்டு அப்படியே பாக்கறார். துடைச்ச கம்பியில ஆயில் எப்படிம்மா தெரியும்? திரும்ப உள்ள விட்டு எடுத்தில்ல பாக்கணும். பதினோரு வாரமா நல்லா இருந்த வண்டியில ஊத்தியிருக்கார். பேசின் வழிஞ்சப்பவே எனக்குச் சந்தேகம்" என்றான். "நீயே சொல்லேம்ப்பா" என்றேன். "நான் எப்படிம்மா சார்கிட்ட சொல்றது" என்று தரையைப் பார்த்தான்.

அந்த எட்டுப் பேர் தேர்வில் தோற்றதும் இப்படித்தான் மாப்பிள்ளை. தேர்வில் கடிதம் எந்த அமைப்பில் அடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த மாதிரித் தாளில் கடைசி வரி அச்சாகாமல் விட்டுப்போயிருந்தது. அவர் தாளில் இருந்ததை இருந்தபடியே, ஒரு புள்ளி குறையாமல் சொல்லிக்கொடுத்தார். எட்டுப் பேரும் கடைசி வரியை அடிக்காமல் எழுந்து வந்தார்கள். அது எனக்கும் தெரியும், ரிப்பனுக்கும் தெரியும். அவருக்குத்தான் இன்றுவரை மோதிர விரல். "இத்தன வருஷம் அவர் கேலி பண்றப்ப எல்லாம் ஏம்ப்பா வாயைத் திறக்கல?" என்று இன்றைக்குத்தான் கேட்டேன். "சொல்லியிருந்தா சார் அப்புறம் யாருக்கும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாரும்மா. எனக்கப்புறம் எத்தன பேர் அவர்கிட்ட படிச்சு வேலைக்குப் போனாங்க" என்றான்.

நீங்களும் சொல்ல வேண்டாம். பழைய டேப்பட் எட்டும் துடைத்துத் துணியில் கட்டிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எண்ணெய் டின் என் துணி அலமாரியில் இருக்கிறது, இனி நானும் தொட மாட்டேன். அடுத்த தடவை நீங்கள் எங்கே போனாலும் சாவியை அவர் கையிலேயே கொடுங்கள். நீங்கள் கொடுத்த அன்றைக்கு அவர் உள்ளே வந்து சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு வரி கூடச் சேர்த்துப் புதிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதியிருந்தால் அவர் அப்படியே செய்வார்.